காட்டு வேலை போதாதா, நடக்கவும் வேணுமா?



"தினமும் நடங்கம்மா"ன்னு நர்ஸ் சொன்னா தலையாட்டுறோம், நடக்கிறதில்லை. ஏன்? குழுவில் கேட்டால் மூன்று பதில்கள் வரும்.

1. "செய்யுற வேலையே போதும்."
களை எடுப்பதும் நாற்று நடுவதும் நல்ல உழைப்புதான். ஆனால் அது வருஷம் முழுக்கக் கிடைப்பதில்லை. மாவாட்ட கிரைண்டர், தண்ணிக்குக் குழாய் வந்தாச்சு. தையல் மெஷின், பீடித்தட்டு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும், உடம்பு அசையாது. சர்க்கரையும் பிரஷரும் வர இதுவும் ஒரு காரணம்.

2. "நேரம் எங்க இருக்கு?"
உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். நாளைக்கு 30 நிமிடம், 5 நாள். பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

3. "ஊர் என்ன பேசும்?"
பலரைத் தடுப்பது இதுதான். ஆம்பளை நடந்தா ஆரோக்கியம், பொம்பளை நடந்தா 'வேலையத்தவ'! 2022 கணக்குப்படி இந்தியாவில் போதிய உடலசைவு இல்லாதவர்கள் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம்.

தனியா போனாத்தான் கேலி. பத்துப் பேர் சேர்ந்து போனா அது வழக்கமாயிடும். சேமிப்பு மாதிரிதான் இதுவும். பலன் உடனே தெரியாது, விடாமல் போட்டால் சேரும்.

நெஞ்சுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

குழுவில் பேச: எந்த நேரம்? எந்தப் பாதை? யார் யாரை அழைப்பது? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.