இரத்தப் பரிசோதனைக்கு முன்: முடி மாத்திரையும் அலர்ஜி முடிவும்

முடி கொட்டுகிறது என்று மருந்துக் கடையில் நாமாகவே கேட்டு வாங்கும் சத்து மாத்திரை, அலர்ஜிக்காக எடுக்கும் இரத்தப் பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டச் செய்யலாம். நம் வீடுகளில் பலருக்கும் இது தெரியாது. எனவே இந்த இதழின் மருத்துவப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம்.

அது எந்தச் சத்து?

பயோட்டின். வைட்டமின் பி7 என்பதும் இதுதான். முட்டை, மீன், நிலக்கடலை போன்ற உணவுகளில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். ஆனால் முடி, தோல், நகத்துக்கு என்று விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். 10,000 என்பது தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். உணவில் கிடைக்கும் அளவால் பரிசோதனைக்குக் கெடுதல் இல்லை. சிக்கல் இந்தப் பெரிய அளவில்தான்.

முடிவு எப்படித் தவறுகிறது?

அலர்ஜி உள்ளவர் உடலில், ஒவ்வாத பொருளுக்கு எதிராக 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே இந்தப் பரிசோதனை. சில ஆய்வக இயந்திரங்கள் இதற்குப் பயோட்டினையே ஒரு கொக்கி போலப் பயன்படுத்துகின்றன. ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியால்தான் ஐஜிஇ கருவியில் தங்கி அளவிடப்படுகிறது.

நம் இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால், அது முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துவிடும். அளக்க வேண்டிய ஐஜிஇ பிடிமானம் இல்லாமல் கழுவப்பட்டுப் போய்விடும். அளவு குறைவாகவோ, 'இல்லை' என்றோ முடிவு வரும். எல்லா இயந்திரங்களும் இந்த முறையில் இயங்குவதில்லை. நம் இரத்தம் எந்த வகை இயந்திரத்தில் போகிறது என்பது ஆய்வகத்தாருக்குத் தெரியும்.

இதில் என்ன ஆபத்து?

கல்யாண வீட்டில் இறால் சாப்பிட்ட மகளுக்கு உதடு வீங்கி, உடலெல்லாம் தடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் 'அலர்ஜி இல்லை' என்று வருகிறது. அவள் தினமும் முடி மாத்திரை எடுப்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. முடிவை நம்பி உம்மா மறுபடியும் இறால் ஆக்கிப் போடுகிறார். இந்த முறை தொண்டை அடைத்து மூச்சுத் திணறினால், அது உயிருக்கே ஆபத்து.

அலர்ஜி மட்டுமல்ல, தைராய்டு பரிசோதனையிலும் இதே குழப்பம் வரும். டிஎஸ்எச் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டி, இல்லாத நோயை இருப்பதாக நினைக்க வைக்கும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். பயோட்டின் அதிகம் எடுத்த ஒருவருக்கு ட்ரோபோனின் முடிவு தவறி, அவர் இறந்ததாகக் கிடைத்த தகவலுடன் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2019இல் அதைப் புதுப்பித்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. பரிசோதனைக்குப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சத்து மாத்திரை, புரத மாவு, கருஞ்சீரக எண்ணெய், நாட்டு மருந்து எதுவானாலும் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

2. அட்டையில் 'பயோட்டின்', 'வைட்டமின் பி7', 'வைட்டமின் எச்' என்று இருக்கிறதா, எவ்வளவு என்று பாருங்கள். 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம்.

3. அழகுக்காக எடுக்கும் மாத்திரையைப் பொதுவாகக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அளவு மிக அதிகமானாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் இன்னும் சில நாள் தேவைப்படும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நோய்க்காக மருத்துவரே எழுதித் தந்த பயோட்டினை நீங்களாக நிறுத்தக் கூடாது.

4. செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையைத்தான் பாதிக்கும். ஐஜிஇ இரத்தப் பரிசோதனையைப் பாதிக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

5. நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய், பயோட்டின் எடுப்பதையும் சொல்லுங்கள்.

6. ஏற்கெனவே பரிசோதனை எடுத்தவர்கள், அந்த நாட்களில் இந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். தேவையானால் மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரத்த முடிவு மட்டுமே தீர்ப்பு அல்ல. எதைச் சாப்பிட்டதும், எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்று நீங்கள் சொல்லும் விவரத்தோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஒரு பொருள் சாப்பிட்டு உடம்பு தடித்தது உண்மையென்றால், காகிதத்தில் 'இல்லை' என்று வந்தாலும், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அதைப் பிள்ளையின் தட்டில் வைக்காதீர்கள்.