சாலைக்கு மேல் பூங்கா போட நினைக்கும் பிள்ளைகளுக்கு

சிவில் படித்த பிள்ளைகளும் நகரமைப்பு படித்த பிள்ளைகளும் லீவுக்கு ஊருக்கு வரும்போது, நாலு வழியாகிவிட்ட திருநெல்வேலி–தென்காசி சாலையைக் காட்டி, "தாத்தா, ஆலங்குளத்துல இதுக்கு மேல ஒரு பூங்கா கட்டுனா என்ன?" என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் அமெரிக்காவின் டாலஸ் நகரப் படத்தையும் காட்டுகிறார்கள். நல்ல கேள்விதான். சாலையும் பாலமுமாக வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. வரைபடத்தைத் திறக்குமுன் சாலையைக் கடக்கிற ஆட்களைப் பாருங்கள். காலையில் மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்து, இலையும் தூளும் வாங்கப் போகும் பெண்கள் வருவார்கள். ஒரு கையால் பையை மார்போடு அணைத்து, மறு கையை பஸ்ஸுக்குக் காட்டி, பாதிச் சாலையைத் தாண்டி நடுத்தடுப்பில் ஏறி நிற்பார்கள். தென்காசி பஸ் கடந்துபோகும் வேகத்தில் முந்தானை பறக்கும். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறி மூட்டை, சைக்கிள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சாலை இரண்டாக வெட்டிய ஊரைத் திரும்பச் சேர்ப்பதுதான் இந்த மாதிரிப் பூங்காவின் வேலை. பூவும் புல்லும் அதற்குப் பிறகு. கடக்க ஆளே இல்லாத இடத்தில் இதைக் கட்டினால் அது விலை உயர்ந்த மாடித் தோட்டம்.

2. சாலை எந்த மட்டத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். டாலஸில் கிளைடு வாரன் பூங்கா 2012 அக்டோபரில் திறந்தது, பரப்பு 5.2 ஏக்கர். அதன் கீழே ஓடும் உட்டால் ராட்ஜர்ஸ் நெடுஞ்சாலை முன்பிருந்தே பள்ளத்தில் ஓடியது. இரு கரைத் தெருக்களும் மேலே இருந்தன. பள்ளத்துக்கு மூடி போட்டதும் தெருவிலிருந்து நேராகப் பூங்காவுக்குள் நடக்கலாம். நம் சாலை தரையோடு தரையாகப் போகிறது. லாரி போக 5.5 மீட்டர் உயரம் விடவேண்டும். அதன் மேல் உத்திரம், தளம், மண் என்று சேர்த்தால் எட்டு மீட்டரைத் தொடும். சக்கர நாற்காலி ஏற 1:12 சரிவு கொடுத்தால், இடையில் இளைப்பாறும் தட்டுகளை விட்டுவிட்டே, சாய்தளம் மட்டும் 96 மீட்டர். இரு பக்கமும் கடை நெருக்கிய ஊரில் அதற்கு இடம் ஏது? படிக்கட்டு வைத்தால் வயசானவர்கள் ஏறமாட்டார்கள். ஊர் ஊராக நடைமேம்பாலங்கள் ஆளில்லாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலையைத் தோண்டி இறக்கலாமே என்றால், குளமும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடவேண்டும். ஆகவே ஆலங்குளம் மெயின் ரோட்டுக்கு மேல் பூங்கா வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. இங்கே தேவை நல்ல சிக்னலும், தடுப்பில் நிழலோடு நிற்க அகலமான இடமும், குளத்தங்கரையில் நடைபாதையும்தான். ஆனால் சென்னையிலோ கோவையிலோ பள்ளத்தில் ஓடும் சாலை ஒன்று உங்கள் கைக்கு வரலாம். மற்றதை அதற்காகச் சொல்கிறேன்.

3. நீங்கள் கட்டுவது பாலம். அதுவும் நாள் முழுக்கச் சுமை இறங்காத பாலம். லாரி வரும், போகும், மண் போகாது. நனைந்த மண் கன மீட்டருக்குச் சுமார் 1.8 டன். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் மண் போட்டால் ஏழாயிரம் டன்னுக்கு மேல். புல்லுக்கு ஒரு அடி மண் போதும், செடிக்கு இரண்டடி, மரத்துக்கு ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. எல்லா இடத்திலும் ஒரே ஆழம் போட்டால் தூண் தாங்காது, காசும் தாங்காது. டாலஸில் முன்தகைப்புக் கான்கிரீட் உத்திரங்களைக் கூட்டம் கூட்டமாக வைத்து, நடுவில் விட்ட இடைவெளியின் அடியில் தளம் போட்டுத் தொட்டியாக்கினார்கள். மரத்தின் வேர் உத்திரங்களுக்கு நடுவே இறங்கி நிற்கிறது, பூங்காவின் மட்டமும் உயரவில்லை. மேடு வேண்டிய இடத்தில் மண்ணுக்குப் பதில் எடையில்லாத நுரைக்கட்டிகளை அடியில் அடுக்கினார்கள். அந்தக் குறுக்குவெட்டுப் படத்தை உங்கள் கையாலேயே ஒருமுறை வரைந்து பாருங்கள். அப்போதுதான் மனசில் ஏறும்.

4. தண்ணீர். மொட்டை மாடி ஒழுகினால் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் மண்ணையும் மரத்தையும் பெயர்த்துவிட்டு யார் பார்ப்பது? நீர்க்காப்புப் படலம், அதன் மேல் வேர் துளைக்காத தாள், அதன் மேல் வடிகால் அடுக்கு, வடிதுணி, பிறகுதான் மண். படலம் போட்டதும் மண் கொட்ட அவசரப்படாதீர்கள். தண்ணீரைக் கட்டி நிறுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்துக் கீழே போய் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்துவிடக்கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அது ஒரு ஏக்கர் தளத்தில் விழுந்தால் 38 லட்சம் லிட்டர். அதில் பாதி வந்தாலும் எந்தக் குழாய் வழியாக எந்த ஓடைக்குப் போகும் என்று கேளுங்கள். கீழே பள்ளத்தில் சாலை இருக்கிறது. மேலே வடியாத தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

5. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் ஒரு மீட்டர் மண்ணில் நிற்கும் மரம் சாய்ந்தால் கீழே பஸ் போய்க்கொண்டிருக்கும். ஆலும் அரசும் தளத்துக்கு மேல் வேண்டாம். சரக்கொன்றை, மந்தாரை, பவளமல்லி மாதிரி உயரம் அடங்கியவற்றை வையுங்கள். வேர்க்கட்டியை மண்ணுக்குள்ளேயே வார் போட்டுத் தளத்தோடு பிணையுங்கள்.

6. மேலே மூடினால் கீழே இருப்பது சுரங்கம். புகை போக்கும் விசிறி, விளக்கு, தீயணைப்புக் குழாய், ஆள் தப்பிக்க வழி எல்லாம் வேண்டும். டாலஸிலும் விசிறிகள் போட்டார்கள். மூடும் நீளம் கூடக் கூட இந்தச் செலவும் கூடும். எரிபொருள் லாரியை அந்த வழி விடுவதா என்று காவல் துறையையும் தீயணைப்புத் துறையையும் முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்துக் கேளுங்கள்.

7. மறைவு வைக்காதீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் 1976 ஜூலை 4 அன்று திறந்த ஃப்ரீவே பூங்காதான் இந்த வகையில் முன்னோடி. லாரன்ஸ் ஹால்ப்ரின் அலுவலகத்தில் ஏஞ்செலா டனாட்ஜீவா வடிவமைத்தது. வாகன இரைச்சலை அமுக்கக் கான்கிரீட் பாறைகளுக்கு நடுவே அருவி விட்டார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்த நமக்கு அந்த யோசனையின் அழகு உடனே புரியும். மரம் வளர்ந்து இருட்டடித்தபோது அதே சுவர்களும் மூலைகளும் ஆளைப் பயமுறுத்தின. பிறகு மரங்களைக் கழித்து வெளிச்சம் வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒரு பெண் இரவு எட்டு மணிக்குத் தனியாக நடந்தால் மறுகரைத் தெரு அவள் கண்ணுக்குத் தெரிகிறதா? வரைபடத்தில் அதைச் சோதியுங்கள்.

8. ஊராரிடம் காலத்தை மறைக்காதீர்கள். சென்னை ஷெனாய் நகரில் திரு.வி.க. பூங்காவின் அடியில் மெட்ரோ ரயில் நிலையம் வந்தது. நிலையம் 2017-இல் திறந்தது. பூங்கா பத்தாண்டுக்கும் மேலாக மூடிக் கிடந்தது. பழைய மரங்கள் போயின. புதுக் கன்று நிழல் தர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? அங்கே நடைபயிற்சி போய்வந்த எத்தனையோ பேரின் முதுமை அதற்குள் கழிந்துவிட்டது. திருநெல்வேலி–தென்காசி சாலை அகலமானபோதும் நம் ஓரத்து மரங்கள் விழுந்தன. எனவே எதை வெட்டப் போகிறோம், எப்போது திருப்பித் தருவோம் என்பதை முதல் நாளே தேதி போட்டு எழுதி ஒட்டுங்கள்.

9. கடைசியாக, யார் சொந்தக்காரர்? கீழே சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, மேலே செடி உள்ளாட்சிக்கு, நடுவிலிருக்கும் தளம்? ஒழுகும்போது இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் கோப்பு அலையும். டாலஸில் இடம் நகராட்சிக்குச் சொந்தம், நடத்துவது இதற்கென்றே அமைந்த அறக்கட்டளை. நிகழ்ச்சி நடத்தி, நன்கொடை வாங்கி ஓட்டுகிறார்கள். நம் ஊருக்கு வேறு ஏற்பாடு பொருந்தலாம். எந்த ஏற்பாடானாலும், தோட்டக்காரர்கள் எத்தனை பேர், மின் கட்டணம் யார் கணக்கில், படலத்தையும் இணைப்புகளையும் யார் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் திட்ட அறிக்கையிலேயே இருக்கவேண்டும். அந்தப் பக்கம் இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள், பிள்ளைகளே. யார் சொன்னாலும் போடாதீர்கள்.