ரேம் எங்கே போகிறது?

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி; அதில் லினக்ஸ் மின்ட், ஃபயர்பாக்ஸ். சாயங்காலம் ஆனால் மௌஸ் அம்புக்குறி நகர மறுக்கும், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ரேம் நிரம்பி, டிஸ்கில் ஒதுக்கிய மாற்று இடமான ஸ்வாப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

டெர்மினலில் 'ஃப்ரீ' என்று அடித்தால் வரும் பட்டியலில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தி. கேஷை அடிக்கடி காலி செய்யும் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போடச் சொல்பவர்கள் உண்டு. வேகம்தான் குறையும்.

'எச்டாப்' காட்டும் ஃபயர்பாக்ஸ் வரிகளை அப்படியே கூட்டினாலும் கணக்குத் தப்பும். எல்லாப் புராசஸ்களும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும். 'எஸ்மெம்' அதைப் பங்கு பிரித்துக் காட்டும்.

ஆளைப் பிடித்துக் கொடுத்தது முகவரிப் பட்டையில் அடிக்கும் 'அபவுட்:புராசஸஸ்' பக்கம். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகத் தெரியும். என் விஷயத்தில், காலையில் திறந்து மூடாமலே விட்டிருந்த மின்னஞ்சல் டேப். ரீலோட் செய்ததும் பாதிக்கு மேல் இறங்கியது. நீட்சிகள் எல்லாம் ஒரே புராசஸில் ஓடுவதால், எது குற்றவாளி என்று அங்கே தெரியாது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதுதான். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் நீட்சிகள் தனித்தனியாகவே வரும். விளம்பரத் தடுப்பானை மட்டும் நான் எடுக்க மாட்டேன். அது தின்பதைவிட மிச்சப்படுத்துவது அதிகம்.

புராசஸ் எண்ணிக்கையைக் குறைக்கும் பழைய வைத்தியத்தில் இப்போது பெரிய பலன் இல்லை. 2021-இலிருந்து ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தையும் தனிப் புராசஸில் ஓட்டுகிறது. அதற்குப் பதில் 'அபவுட்:அன்லோட்ஸ்' பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் வேண்டாத டேப்கள் மூடாமலே நினைவகத்திலிருந்து இறங்கும்.

இத்தனைக்கும் பிறகும் திணறினால் ஸிராம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் அது. ஃபெடோராவில் 33-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே உண்டு. மின்டில் 'ஸிராம்-டூல்ஸ்' நிறுவினேன். கூடவே 'எர்லிஊம்'. ரேமிலும் ஸ்வாப்பிலும் மிச்சம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால், கணினி உறைவதற்கு முன்பே அது ஒரு புராசஸைக் கொன்றுவிடும். பெரும்பாலும் சாவது ஒரு டேப்தான்; ரீலோட் செய்தால் திரும்ப வந்துவிடும்.