எடை மெஷினை விடு, ஸ்டாப்வாட்சைப் பார்!

ராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-வது பட்டாலியன் இருப்பதாலோ என்னவோ, நம்ம பக்கம் காக்கிக் கனவுக்குக் குறைவே இல்லை. செலக்‌ஷனுக்குத் தயாராகிற தங்கச்சிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஒரே மாசத்துல பத்துக் கிலோ குறையணும், என்ன சாப்பிட?" என்பதுதான். தம்பிகளும் அதே கதைதான். எந்த செலக்‌ஷனுக்குப் போறீங்க என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

அதைத் தெரிந்துகொண்டுதான் அடுப்பங்கரைக்கே போகணும். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் உயரம் பார்ப்பார்கள், ஆண்களுக்கு மார்பளவு பார்ப்பார்கள், ஓடச் சொல்வார்கள். எடைக்கென்று தனி அளவு கிடையாது. சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளிலும் ராணுவத்திலும் உயரத்துக்கும் வயதுக்கும் தகுந்த எடை இருக்கிறதா என்று மெடிக்கலில் பார்ப்பார்கள். எனவே நீ எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையை முதலில் முழுசாகப் படி. விதிகள் அவ்வப்போது மாறும்.

இப்போது கணக்குக்கு வா. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடணும். 400 மீட்டர் டிராக் என்றால், ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 செகண்ட். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். மத்தியப் படைகளில் பெண்களுக்கு 1.6 கி.மீ., எட்டரை நிமிஷம். ஆண்களுக்கு 5 கி.மீ., 24 நிமிஷம். பெண்களுக்கான 400 மீட்டரை ரெண்டு மாசம் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். மார்க் வருவது அதற்கப்புறம், ஸ்டார் கணக்கில். தங்கச்சிகளுக்கு நீளம் தாண்டுதலில் 3 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 3.75 மீட்டருக்கு ரெண்டு ஸ்டார். தம்பிகளுக்குக் கயிறு ஏறுதல் இருக்கிறது. உடம்பில் தேவையில்லாத கொழுப்பு எவ்வளவு என்று கயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். சாப்பாட்டை அடியோடு நிறுத்தினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மெஷினில் அஞ்சு கிலோ குறைந்திருக்கும், தாண்டும்போது கால் எழும்பாது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதற்குத் தினமும் சுமார் 500 கலோரி குறைத்தால் சரியாக வரும். அஞ்சு கிலோவுக்கு ரெண்டரை, மூணு மாசம் ஆகும். குறுக்குவழி கிடையாது.

அந்த 500 கலோரியை எங்கே பிடிப்பது? சோற்றில் கை வைக்கும் முன் டீயைப் பார். மில் ஷிப்ட்டுக்குப் போகிற பிள்ளைகள் நாளைக்கு அஞ்சு டீ சாதாரணமாகக் குடிப்பார்கள். டீக்கு ரெண்டு ஸ்பூன் சீனி என்றால் சீனியே 200 கலோரி. கூட ரெண்டு வடை. சாயங்காலம் சாத்தூர் சேவு. ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா, மேலே சால்னா. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி என்றால், எண்ணெயில் பொரிச்செடுத்த பரோட்டாவை நீயே கணக்குப் போட்டுக்கோ. மாசம் ஒரு தடவை சாப்பிடு, யாரும் தூக்கில் போடப் போவதில்லை.

பால்கோவாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் 100 கிராமில் கிட்டத்தட்ட 400 கலோரி இருக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருத்தி ஒரு கி.மீ. ஓடினால் செலவாவது ஏறக்குறைய 60 கலோரிதான். கால் கிலோ டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி காலி பண்ணினால் கிட்டத்தட்ட 17 கி.மீ. ஓடணும். ஒரு ஸ்பூன் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வை.

மத்தியானத் தட்டில் பாதி காய், கீரை இருக்கட்டும். கால் பங்கு சோறு. மிச்சம் பருப்போ, மீனோ, கோழியோ, சுண்டலோ. நம்ம விருதுநகர் மாவட்டத்தில் விளைகிற குதிரைவாலியைச் சமைத்தாலும் அளவு அளவுதான். சிறுதானியம் என்று பேர் சொல்லி ரெண்டு தட்டு தின்றால் எடை குறையாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கு. காலையில் ரெண்டு சாப்பிடு. முட்டை ஆகாதவர்கள் முளைகட்டிய பயறு, மோர் என்று ஈடுகட்டலாம். புரதப் பவுடருக்குக் காசு கொட்ட அவசியமில்லை.

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் போதும், எல்லா நாளும் வேகம் வேண்டாம். ரெண்டு நாள் மெதுவாக நீண்ட ஓட்டம். ஒரு நாள் 200 மீட்டர் வேகமாக ஓடி, மூச்சு வாங்க நடந்து, திரும்ப ஓடு. ஒரு நாள் நேரம் வைத்துத் தேர்வு ஓட்டம். மற்ற ரெண்டு நாள் தண்டால், பஸ்கி, புல்அப்ஸ். வயிற்றுக் கொழுப்பு குறையணும் என்று நூறு சிட்அப்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கு. ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்க முடியாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் வேக நடையில் தொடங்கலாம். ராஜபாளையத்துப் பிள்ளைகள் அய்யனார் கோயில் பக்கம் இருட்டோடு ஓடப் போகாதீர்கள், மலையடிவாரத் தோப்புகளுக்கு யானை வரும். விடியட்டும், துணையோடு போங்கள்.

தங்கச்சிகளுக்கு ஒன்று. கொஞ்சம் ஓடினதுமே மூச்சு முட்டினால், "நான் குண்டு" என்று முடிவு கட்டாதே. அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. டயட்டில் இருக்கும்போது மாதவிடாய் நின்றுபோனால் நீ அளவுக்கு மீறிக் குறைக்கிறாய் என்று வைத்துக்கொள், உடனே டாக்டரைப் பார்.

மெடிக்கலுக்கு ரெண்டு நாள் முன்னால் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஜெர்கின் போட்டு ஓடுகிற கூத்து வேண்டவே வேண்டாம். குறைவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. நம்ம ஊர் மே மாசத்து வெயிலில் மயங்கி விழுந்துவிடுவாய். கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறை, தூக்கத்தைக் கூட்டு. தேர்வு அன்றைக்கு மட்டும் புது ஷூ போட்டுக்கொண்டு போய் நிற்காதே.