இணைய ரூட்டரில் நெரிசலும் வரிசை முறையும்

சென்னைத் துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரிகள், எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வழியாகச் செல்லும் சாலையில் மணிக்கணக்கில் காத்து நின்ற காட்சியை வடசென்னைப் பகுதி மக்கள் நன்கு அறிவர். துறைமுக வாயிலில் ஒரு மணி நேரத்தில் இத்தனை லாரிகளே நுழைய முடியும் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேற்பட்டவை காத்திருக்கத்தான் வேண்டும். அவை நிற்பதற்குப் பெரியதொரு திடலை அமைத்துவிட்டால், கடைசி லாரி உள்ளே செல்வதற்கு ஆகும் நேரம் குறைந்துவிடுமா? குறையாது. வாயிலின் அளவு மாறாதவரை, திடல் பெரிதாக ஆக வரிசைதான் நீளும். அவ்வரிசையின் பின்னே சிக்கிய நோயாளி வண்டியும் நிற்க வேண்டியதே.

இந்நிலைமைதான் இன்று நம் வீடுகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் உள்ள இணைய ரூட்டருக்குள் நிகழ்கின்றது. நாம் அனுப்பும் படமும் குரலும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு ரூட்டரை அடைகின்றன. வெளியே செல்லும் வழி குறுகலாயின், அவை ரூட்டரின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கின்றன. அந்நினைவகமே மேற்கூறிய திடல் ஆகும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகன் திருமணப் படங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறான். அதே வேளையில் தாயார் இ-சஞ்சீவனி தொலை மருத்துவச் சேவையில் மருத்துவரிடம் தம் நோயைக் கூறுகிறார். குரல் அறுந்து அறுந்து கேட்கின்றது. மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று, தாயார் அளித்த விடை வேறொன்று என்றாகிவிடுகின்றது. வீட்டார் “வேகம் போதவில்லை” என்று முடிவு செய்து, கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறுகின்றனர். ஆனால் குறை வேகத்தில்தானா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

கணக்கு எளிது. பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்று கொள்வோம். வரிசையில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் அளவுள்ள பொதிகள் நின்றால், புதிதாக வரும் குரல் பொதி 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். வேகம் 2 மெகாபிட்டாயின் காத்திருப்பு 4 விநாடியாகும். தடையின்றி உரையாட இவ்வளவு தாமதம் ஆகாது.

இவ்விடர் புதியதன்று. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்கிலியில் அருகருகே இருந்த ஆய்வுக்கூடத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே செய்திப் போக்கு விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலைக் கண்டதும் அனுப்புவோர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் விளக்கினார். ஆனால் நினைவகம் மலிந்ததும் ரூட்டர்களில் திடல்கள் பெருத்தன. பொதிகள் கைவிடப்படாமல் தேங்கியதால், நெரிசல் அனுப்புவோருக்கு உரிய காலத்தில் தெரியவில்லை. ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இக்குறையைக் கண்டு உலகிற்கு உணர்த்தினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்சும் ஜேக்கப்சனும் ‘கோடல்’ என்னும் முறையை வெளியிட்டனர். பொதிகள் 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருக்கும் நிலை தொடர்ந்து நீடித்தால், அம்முறை சில பொதிகளைக் கைவிட்டு அனுப்புவோரை எச்சரிக்கின்றது.

இதனுடன் பங்கீட்டு முறையும் சேர்ந்ததே ‘எப்.கியூ. கோடல்’. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதை உழவர்கள் அறிவர். தலைமடைக்காரர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காயும். அதுபோலவே, பெரும் பதிவேற்றத்திற்கு ஒரு முறை, சிறு குரல் பொதிக்கு ஒரு முறை என ரூட்டர் பங்கிட்டு அனுப்புகின்றது.

செய்ய வேண்டுவன வருமாறு:

1. யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையில், கணிப்பொறியில் ‘பிங்’ கட்டளையால் 8.8.8.8 என்ற முகவரியைச் சோதித்து, மில்லிவிநாடிக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டே மீண்டும் சோதியுங்கள். 20 என்றிருந்தது 500, 800 என உயருமாயின், குறை வரிசையில் உள்ளது. பதிவிறக்கத்தின்போதும் இவ்வாறே பாருங்கள்.

3. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘எஸ்.கியூ.எம்.’ அல்லது ‘கியூ.ஓ.எஸ்.’ என்னும் வசதி உள்ளதா என்று பாருங்கள். இருப்பின், அதில் எப்.கியூ. கோடல் அல்லது ‘கேக்’ முறையைத் தேர்ந்தெடுத்து, இரு திசை வேகங்களையும் அளந்து கண்ட வேகத்தில் 85 முதல் 90 விழுக்காடு வரை அமையுங்கள்.

4. மீண்டும் சோதித்து, இரு கணக்குகளையும் ஒப்பிடுங்கள்.

வேகத்தை நாமே குறைப்பது ஏன் என்று சிலர் வினவலாம். வரிசை எப்போதும் மிகக் குறுகலான இடத்தில்தான் உண்டாகும். அக்குறுகலை நம் ரூட்டருக்கே கொணர்ந்தால்தான் வரிசை நம் ஆளுகைக்குள் வரும். பத்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்து, தடையற்ற உரையாடலைப் பெறுகின்றோம்.

எல்லா ரூட்டர்களிலும் இவ்வசதி இராது. எனவே புதிதாக வாங்கும்போது இதனைக் கேட்டு வாங்குதல் நலம். கண்ணாடியிழை வடம் கிராமத்தை எட்டிய பின்னரும், உள்ளே வரிசை ஒழுங்காக இல்லையேல் அதன் முழுப்பயன் கிட்டாது. ஆகவே, வேகத்தை உயர்த்த ஊராட்சி நிதியிலிருந்து ஒரு ரூபாய் செலவிடுமுன், இச்சோதனையை நடத்தி அதன் முடிவைக் கூட்டத்தில் வைப்பது உறுப்பினர்களின் கடமையாகும்.