கைக்குழந்தையோடு அண்ணாமலைக்கு

கேள்வி: நாங்கள் சென்னை குரோம்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் திருவண்ணாமலை போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு. கிரிவலம் நடந்தே ஆகவேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் வேண்டுதல். எனக்கோ குழந்தைகளை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. கூட்டத்தில் அவர்களை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? எந்தப் பக்கம் தங்குவது? சின்னவனுக்கு என்ன கொடுப்பது? கோயிலைத் தவிர பிள்ளைகள் பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். பெரியவர்கள் தங்கள் தரிசனத்துக்கு ஒரு திட்டம் போட்டு, அதில் குழந்தைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால்தான் பெரும்பாலான குடும்பங்கள் அங்கே களைத்துப்போகின்றன. நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். சின்னவன் எப்போது எழுவான், எப்போது பசிப்பான், எப்போது தூங்குவான் என்பதை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, மிச்சமுள்ள நேரத்தில் கோயிலையும் மலையையும் பொருத்துங்கள். அப்படிப் பார்த்தால் குழந்தைகளுக்கு இவ்வளவு காட்டக்கூடிய கோயில் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

எப்போது போவது?

தை, மாசி மாதங்களின் இதமான வெயில் குழந்தைகளுக்கு ஏற்றது. சித்திரை, வைகாசியில் கோயில் பிராகாரத்துக் கருங்கல் தளம் காலைச் சுட்டுவிடும்; செருப்பில்லாமல் நடக்கும் குழந்தையால் தாங்க முடியாது. பௌர்ணமி நாள்களிலும், கார்த்திகை தீபத்தின்போதும், சித்ரா பௌர்ணமியின்போதும் லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அந்த நாள்களில் கைக்குழந்தையோடு போகவே வேண்டாம். முன்பெல்லாம் பௌர்ணமிக்கு மட்டும் இருந்த நெரிசல் சில ஆண்டுகளாகச் சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் இருக்கிறது. எனவே பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் செவ்வாய் முதல் வியாழன் வரை உங்களால் போக முடிந்தால் அதுதான் மிக நல்லது. காலண்டரில் தைப்பூசம் எப்போது என்று பார்த்து அதையும் தவிர்த்துவிடுங்கள்.

பொங்கலை ஒட்டித்தான் போக முடியும் என்றால் அதிலும் ஒரு நன்மை உண்டு. மாட்டுப் பொங்கலன்று காலையில் கோயிலின் பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு, முறுக்கு, வடை என்று மாலை மாலையாகச் சாத்தியிருப்பார்கள். ஐந்து வயதுப் பெண் அதை மறக்கமாட்டாள். சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் வந்து பிரியும் திருவூடல் விழாவும் அன்றுதான். அதற்கென்றே திருவூடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. விடியலில் போய் நந்தியைப் பார்த்துவிட்டு, கூட்டம் சேருவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

எப்படிப் போவது?

சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு 2024 மே மாதம் முதல் பயணிகள் ரயில் ஓடுகிறது. கட்டணம் மிகக் குறைவுதான். ஆனால் மாலையில் கிளம்பி நள்ளிரவில் போய்ச்சேரும் நேரத்தில்தான் அதை விட்டார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் ஆட்டோ தேடுவது வேண்டாம். காரிலோ பகல் நேரப் பேருந்திலோ திண்டிவனம், செஞ்சி வழியாகப் போங்கள். ஏறத்தாழ 190 கிலோமீட்டர்.

காரில் போனால் செஞ்சிக் கோட்டையில் இறங்கிக் கொஞ்சம் இளைப்பாறலாம். ராஜகிரி உச்சிக்கு ஏறவேண்டாம், அது பெரிய பிள்ளைகளுக்கு. அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகால், பெரிய தானியக் களஞ்சியம், யானைக்குளம் இவையே போதும். புல்தரையில் ஓடவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் திருவண்ணாமலை.

எங்கே தங்குவது?

இரண்டு பக்கங்கள் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளை ஒட்டித் தங்கினால் ராஜகோபுரம் நடை தூரம். காலையில் எழுந்ததும் கோயில், பசித்தால் உடனே இட்லி. ஆனால் சத்தமும் வண்டியும் அதிகம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் பக்கம் தங்கினால் மரங்களும் மலையும் கண்ணெதிரே இருக்கும், இரவு குழந்தை தூங்கும். கோயிலுக்கு ஆட்டோவில் போகவேண்டும், இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது செங்கம் சாலைப் பக்கம்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் கோயில் நிர்வாகத்தின் யாத்ரி நிவாஸும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றவை. ரமணாசிரமத்திலும் தங்கலாம், முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும். வாடகை என்று கிடையாது, விருப்பமுள்ளதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். ஆனால் அங்கே சாப்பாட்டுக்கும் அமைதிக்கும் கண்டிப்பான நேரம் உண்டு. நடு இரவில் வீறிட்டு அழும் வயதில் பிள்ளை இருக்கும்போது பக்கத்து அறைத் தியானக்காரரை எண்ணி நீங்களே பதறிக்கொண்டிருப்பீர்கள். சின்னவனுக்கு நாலைந்து வயது ஆனபின் அங்கே தங்குங்கள்.

எந்த விடுதியானாலும் போனில் இதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்: தரைத்தளம் அல்லது லிஃப்ட் உண்டா? ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை உண்டா? குரங்குகள் உள்ளே வந்துவிடும். காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வருமா? பால் காய்ச்சித் தருவார்களா? சின்னவன் தூளியில் தூங்கிப் பழகியவன் என்றால் உத்தரத்திலோ மேல்தளத்திலோ கொக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். மழைக்காலத்தில் போகிறவர்கள் மலைச்சரிவை ஒட்டிய வீடுகளை வாடகைக்கு எடுக்கவேண்டாம். 2024 டிசம்பர் முதல் தேதி வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின, பெரும்பாலோர் குழந்தைகள்.

கோயிலுக்குள்

நடை வழக்கமாகக் காலை 5.30க்குத் திறந்து 12.30க்குச் சாத்துகிறார்கள், மாலை 3.30க்குத் திறந்து 9.30 வரை. வார நாளில் நடை திறக்கும்போதே போய்விடுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் எந்த வழி என்று நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். வரிசை நீளமாக இருந்தால் பிரிந்துவிடுங்கள்: மாமியாரும் உங்கள் கணவரும் தரிசனத்துக்குப் போகட்டும், நீங்கள் பிள்ளைகளோடு வெளிப் பிராகாரங்களைச் சுற்றுங்கள். ஏறத்தாழ 25 ஏக்கர் கோயில் அது, ஒன்பது கோபுரங்கள் இருக்கின்றன.

உங்கள் மகளுக்குக் கதை சொல்ல ஒவ்வொரு கோபுரத்திலும் விஷயம் இருக்கிறது. ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. நிலைகளை அவளையே எண்ணவிடுங்கள். உள்ளே வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம். அதற்குள் இருக்கும் பாதாள லிங்கத்தில்தான், 1896இல் பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, தன்னை மறந்து உட்கார்ந்திருந்தார். அதைத் தாண்டி வல்லாள கோபுரம். 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரால் அமைந்தது. பிள்ளையில்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது ஊர்க்கதை. அதனால் இன்றும் மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குச் சுவாமி எழுந்தருளி, மகன் தந்தைக்குச் செய்வதுபோல வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். அடுத்து கிளி கோபுரம். அருணகிரிநாதர் கிளியாகி வந்து அமர்ந்த இடம் என்பார்கள். அதில் கிளியைத் தேடச் சொன்னால் உங்கள் மகள் அரை மணி நேரம் அலுக்காமல் தேடுவாள்.

இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டிலும் உங்கள் போன் எண்ணை எழுதிக் கட்டிவிடுங்கள். தீபத் திருவிழாவில் காவல்துறையே குழந்தைகளுக்கு இப்படிப் பட்டை கட்டிவிடுகிறது.

கிரிவலம்

14 கிலோமீட்டரை ஐந்து வயதுக் குழந்தையால் நடக்க முடியாது, நடக்கவைக்கவும் கூடாது. உங்கள் மாமியார் விடியலில் மகனோடு நடக்கட்டும். இடையில் உட்கார நிறைய இடங்கள் உண்டு. நீங்கள் பிள்ளைகளோடு காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து, இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று வாருங்கள். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள், அதனால்தான் சாதாரண நாள் என்கிறேன். ஆசிரமத்தைத் தாண்டிய காட்டு வேலிக்குள் சில நேரம் புள்ளிமான்கள் தெரியும். மேற்கே ஆதி அண்ணாமலை கோயிலில் இறங்கி, பெரியவர்களோடு சேர்ந்து கொஞ்ச தூரம் எல்லோருமாக நடக்கலாம். குபேர லிங்கத்தை அடுத்த இடுக்குப் பிள்ளையாரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒடுக்கமான வாசலில் ஒருக்களித்துத் தவழ்ந்து மறுபக்கம் வரவேண்டும். பெரியவர்கள் திணறும் இடத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நாலு முறை நுழைந்து வருவார்கள்.

நடக்காமல் சுற்றினால் குழந்தைகளுக்குப் பலன் உண்டா என்று மாமியார் கேட்டால் கரும்புத் தொட்டிலை நினைவூட்டுங்கள். தீபத் திருவிழாவில், பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைப் போட்டு மாட வீதியைச் சுமந்து வருவார்கள். குழந்தையைச் சுமந்து சுற்றுவதையே நேர்த்திக்கடனாக வைத்திருக்கும் ஊர் அது.

மலை உச்சிக்கு ஏறும் எண்ணம் மட்டும் வேண்டாம். வனத்துறையின் தடையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

ஆசிரமமும் கந்தாசிரமமும்

ரமணாசிரமத்துக்குக் காலை பதினொரு மணிக்கு முன்போ மாலை நாலு மணிக்கோ போங்கள். மயில்கள் சுதந்திரமாகத் திரியும். மாட்டுத் தொழுவம் உண்டு. ரமணர் நேசித்த லட்சுமி என்ற பசுவின் சமாதியும், பக்கத்தில் மான், காகம், நாய் இவற்றின் சமாதிகளும் இருக்கின்றன. ஒரு காகத்துக்கும் சமாதி கட்டிய இடம் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு ரமணரைப் பற்றி வேறு விளக்கமே தேவைப்படாது. தியானக் கூடத்துக்குள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்வாருங்கள்.

ஆசிரமத்தின் பின்புறமிருந்து கல் பாவிய பாதை கந்தாசிரமத்துக்கு ஏறுகிறது. ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த இடம். உங்கள் மகள் மெல்ல ஏறிவிடுவாள். சின்னவனை இறுகக் கட்டிய தூக்குப் பையில் வைத்துக்கொள்ளலாம். வழியில் ஒரு பாறையிலிருந்து கோயில் முழுதும், ஒன்பது கோபுரமும் தெரியும். அனுமதி நேரத்தைக் கீழேயே விசாரித்து, காலை வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். கையில் தின்பண்டப் பை வெளியே தெரியக்கூடாது. குரங்கு பிறாண்டினாலோ கடித்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

சாப்பாடு

மாட வீதிகளிலும் பேருந்து நிலையப் பக்கமும் சைவ ஓட்டல்களுக்குக் குறைவில்லை. சின்னவனுக்கு இட்லி, பொங்கல், மதியம் பருப்புச் சாதம் குழைத்து ரசம் விட்டுக் கொடுங்கள். சமையல் ஆறிப்போவதற்கு முன்னால், காலை ஏழரைக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் உட்கார்ந்துவிட வேண்டும்; எதுவும் சூடாக வரும், இடமும் கிடைக்கும். செங்கம் சாலையில் வெளிநாட்டவருக்காக வந்த கஃபேக்களில் காரமில்லாத பாஸ்தா, பழச்சாறு, பான்கேக் கிடைப்பதால் காரம் தின்னாத பிள்ளைகளுக்கு அது ஒரு வழி.

நிலக்கடலை விளையும் மாவட்டம் இது. அவித்த மல்லாட்டையை வாங்கி மகளுக்கு உரித்துக் கொடுங்கள். சின்னவனுக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். வெட்டிவைத்த பழமும் ஐஸ் போட்ட கரும்புச்சாறும் இரண்டு பேருக்குமே வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கைவசம் இருக்கட்டும். ஒரு முழுப் பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர்.

மூன்றாம் நாள்

கோயிலே வேண்டாம். தென்பெண்ணை ஆற்றில் 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணைக்குப் போங்கள், முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரிய பூங்காவும் முதலைப் பண்ணையும் இருக்கின்றன. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு அங்கே பொரிக்கும் அணை மீன் பிரசித்தம். முள் எடுத்துக் கொடுக்கவேண்டும். ஜவ்வாது மலையும் பீமன் நீர்வீழ்ச்சியும் அழகானவைதான், ஆனால் வளைவுச் சாலையில் நெடும் பயணம். அதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

ஒரு நாளைக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் பன்னிரண்டு முதல் நாலு வரை சாப்பாடும் அறையில் தூக்கமும். இந்தக் கணக்கை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். இப்போது செய்யவேண்டியது மூன்று: காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள், கூட்டமில்லாத வார நாளைத் தேர்ந்தெடுங்கள், செங்கம் சாலைப் பக்கம் அறைக்குப் போன் செய்யுங்கள்.