பயிற்சிப் பாடம்: புயலைக் கவனிப்போம், ஊருக்குச் சொல்வோம்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலோர ஊர்களில் புயல் பயம்தான். "டிவியில என்னமோ சொல்றாங்க, நம்ம ஊருக்கு என்னன்னு புரியலையே" என்கிறோம். புரிந்துகொண்டு நாலு பேருக்குச் சொல்ல குழுவுக்கு இரண்டு பேர் போதும்.

வங்கதேசக் கடற்கரையில் 1970-ல் வீசிய புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு, 1972-ல் ஊர்த் தொண்டர்களை வைத்து எச்சரிக்கைத் திட்டம் தொடங்கினார்கள். இன்று அதில் சுமார் 76 ஆயிரம் தொண்டர்கள், பாதிப்பேர் பெண்கள். கொடி ஏற்றுவது, கை மைக்கில் கூவுவது, வயதானவர்களை அழைத்துப்போவது எல்லாம் அவர்கள் வேலை. நாமும் கற்கலாமே!

1. சொற்கள்: காற்று மணிக்கு 31 கி.மீ. வேகத்தைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கி.மீ. தொட்டால் புயல். 89-க்கு மேல் தீவிரப் புயல். நிறங்களில் மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு.

2. மழையை அளப்பது: அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை மரம், கூரை இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் 7 செ.மீ. வந்தால் கனமழை, 12 வந்தால் மிக கனமழை, 20-க்கு மேல் அதி கனமழை.

3. காற்று: புயலின் நடுப்பகுதி ஊர்மேல் வரும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். "புயல் போயிடுச்சு" என்று வெளியே வந்துவிடாதீர்கள்! கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து மறுபடி வீசும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இப்படித்தான் நடந்தது. கூரை எடுக்க, ஆடு தேட வெளியே வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். புயல் முற்றிலும் கடந்தது என்று அறிவிக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

4. மின்னல்: மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. நடவோ களையோ, வேலையை விட்டுவிட்டுக் கான்கிரீட் கட்டிடத்துக்குப் போங்கள். மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். செல்போனில் 'தாமினி' செயலி இருந்தால் அருகில் மின்னல் விழுவதைக் காட்டும்.

5. தகவல் சொல்வது: என்ன பார்த்தோம், எந்த இடம், எத்தனை மணி, நம் பெயர். இந்த நான்கும் வேண்டும். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். "ஏரி உடைஞ்சிடுச்சாம்" என்ற ஒரு வதந்தி போதும், கைக்குழந்தையோடு பெண்கள் இருட்டில் ஓடுவார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. பார்க்கிறேன் என்று கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போகவே கூடாது. நம் உயிரும் முக்கியம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
* நம் தெருவில் கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், தனியாக இருக்கும் பாட்டிகள் யார் யார்? ஒவ்வொருவரையும் அழைத்துப்போக யார் பொறுப்பு?
* புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?
* குழு நோட்டுகள், பாஸ்புக், ரேஷன் கார்டுகளை எந்த பிளாஸ்டிக் பையில் வைப்போம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, மழை தொடங்கும் முன்பே ஊராட்சித் தலைவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.